கப்பலின் அடிவயிற்றில் வருகிறவை

சேலத்துக்குக் கடல் கிடையாது. கிட்டத்துக் கடல் என்றால் கடலூர்தான். ஆத்தூர், சின்னசேலம் வழியாக பஸ்ஸில் போனால் அரை நாள் போய்விடும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் மரைன் இஞ்சினியரிங் படித்துக் கப்பலேறிய பையன்கள் நிறைய. நானும் அப்படிப் போனவன்தான். சரக்குக் கப்பல்களில், இஞ்சின் ரூமில் வேலை. ஊருக்கு வந்தால் "கப்பல்ல என்னப்பா ஏத்திட்டுப் போவீங்க?" என்று கேட்பார்கள். நிலக்கரி, இரும்புத்தாது, கோதுமை, உரம் என்று சொல்லுவேன். அந்தப் பட்டியலில் வராத சரக்கு ஒன்று உண்டு. அதற்கு பில் கிடையாது, வாங்குபவர் விற்பவர் கிடையாது. ஒரு கடலின் தண்ணீரை அள்ளி இன்னொரு கடலில் கொண்டுபோய் ஊற்றுகிறோம். தண்ணீரோடு அதில் வாழ்கிறவையும் போகின்றன. ஊரில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காலிக் கப்பல் கடலில் ஒழுங்காக நிற்காது. கிணற்றில் வெறுங்குடத்தை விட்டால் உருளும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்து நிற்கும். கப்பலும் அப்படித்தான். சரக்கை இறக்கிவிட்டால் அடிப்பாகம் மேலே வந்துவிடும், புரொபெல்லர் பாதி வெளியே தெரியும், அலையில் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். அதனால் சரக்கு இறங்க இறங்க, அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே பம்ப் போட்டு இழுத்து, கப்பலின் அடியிலும் பக்கவாட்டிலும் உள்ள தொட்டிகளில் நிரப்புவோம். இதற்குப் பெயர் பேலஸ்ட். அந்தக் காலத்து மரக்கப்பல்கள் இதற்குக் கல்லையும் மண்ணையும் ஏற்றின. அந்த மண்ணோடு செடிகளும் பூச்சிகளும் ஊர் மாறின. இரும்புக் கப்பலும் பம்பும் வந்த பிறகு தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்தது. அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற, அந்தத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே வருவோம். பெரிய கப்பல் ஒன்று ஒரு தடவைக்குப் பல்லாயிரம் டன் விடும்.

உலகம் முழுக்க இப்படி நாடு விட்டு நாடு போகும் தண்ணீர் ஆண்டுக்கு 300 கோடி முதல் 500 கோடி டன் வரை இருக்கும் என்று நீண்ட காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எங்கள் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. டன்னில் கணக்குப் போட்டால் சுமார் 265 கோடி. அதாவது, நிரம்பி வழிகிற மேட்டூரைவிட அதிகமான கடல் நீரைக் கப்பல்கள் வருஷா வருஷம் இடம் மாற்றுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேற்றுக் கடலின் தண்ணீர் அதிகமாக இறங்குவது சரக்கு ஏற்றுமதியாகிற துறைமுகத்தில். எங்கள் மாவட்டத்துச் சரக்கும் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலேறித்தான் வெளிநாடு போகிறது. ஏற்றுமதி கூடிவிட்டது என்று பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம், அந்தச் சரக்குக்கு இடம்விட்டு எந்தக் கடலின் தண்ணீர் நம் கரையில் இறங்கியது என்ற கேள்வியும் எனக்குள் வரும். மலையடிவாரத்தில் இருப்பவனுக்கு இதில் பங்கில்லை என்று நான் நினைக்கவில்லை.

பேலஸ்ட் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். மேன்ஹோல் மூடியின் நட்டுகளைக் கழற்றி, காற்றோட்டம் கொடுத்து, ஆக்ஸிஜன் மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே இறங்க விடுவார்கள். உள்ளே முழு இருட்டு. டார்ச் அடித்தால், இரும்பு விலா மாதிரி குறுக்குச் சட்டங்கள் வரிசையாகப் போகும், ஒவ்வொன்றிலும் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டோம் என்று கண்ட்ரோல் ரூமில் மீட்டர் காட்டும். ஆனால் சட்டங்களுக்கு இடையே கணுக்கால் அளவு சேறு கிடக்கும். எந்தெந்தத் துறைமுகத்துச் சேறு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். டார்ச் வெளிச்சம் பட்டதும் ஒரு சின்ன நண்டு அந்தச் சேற்றில் ஓடி, ஓட்டை வழியாக அடுத்த அறைக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சமே இல்லாத அந்த இரும்புப் பெட்டிக்குள் அது வளர்ந்திருந்தது.

நண்டாவது கண்ணுக்குத் தெரிகிறது. கடலில் நண்டு, சிப்பி, நட்சத்திர மீன், புழு என்று பெரும்பாலானவை முதல் சில நாட்களையோ வாரங்களையோ ஊசிமுனை அளவுக் குஞ்சுகளாக மிதந்தே கழிக்கின்றன. பம்பின் வாய்க்கு முன்னால் இருக்கும் கம்பி வலை அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. சில நுண்பாசிகள் இன்னும் கெட்டி. சூழல் சரியில்லை என்றால் தடித்த ஓட்டுக்குள் சுருண்டு சேற்றில் வருஷக்கணக்கில் தூங்கும். நல்ல தண்ணீர் கிடைத்ததும் விழிக்கும். அவற்றில் சிப்பி தின்றவரை நோயாளி ஆக்கும் நஞ்சுப் பாசிகளும் உண்டு. 1991-இல் தென் அமெரிக்காவில் காலரா பரவிய நேரத்தில், அமெரிக்காவின் மொபைல் வளைகுடாவுக்கு வந்த கப்பல்களின் பேலஸ்ட் நீரில் காலராக் கிருமியையே கண்டுபிடித்தார்கள்.

தண்ணீர் ஒரு வழி. இன்னொரு வழி கப்பலின் உடம்பு. நான் பார்த்தவரையில் இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் பேச்சு குறைவு. இஞ்சினைக் குளிர்விக்க இழுக்கும் கடல் நீர் முதலில் கப்பலின் பக்கத்தில் குழிந்த ஒரு பெட்டிக்குள் வரும். அது சீ செஸ்ட். அங்கிருந்து ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டிக் கூடை வழியாக உள்ளே. ஸ்ட்ரெய்னரைத் திறந்து சுத்தம் செய்வது ஜூனியர் இஞ்சினியருக்கு வந்து சேரும் வேலை. மூடியைத் தூக்கினால் முதலில் நாற்றம். கூடையை வெளியே எடுத்துக் கவிழ்த்தால் சிப்பிகள், கொட்டலசு, பிளாஸ்டிக் துண்டு, சில சமயம் உயிரோடு ஒரு மீன். ஒரு கைப்பிடி சிப்பியை எடுத்துப் பார்த்தால் ஒரே வயசு கிடையாது. சோளம் அளவில் குஞ்சு, நகம் அளவில் நடுத்தரம், அப்புறம் முற்றியவை. அங்கே ஒரு குடித்தனமே நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கப்பல் உடம்பில் பாசியும் சிப்பியும் ஏறினால் ஓட்டம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். அதனால் முதலாளிகள் பக்கவாட்டுத் தகடுகளைச் சுத்தம் செய்து நல்ல பெயின்ட் அடிக்கிறார்கள். ஆனால் சீ செஸ்டுக்குள்ளும், சுக்கான் தண்டைச் சுற்றியும், கப்பலின் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் பௌ திரஸ்டர் விசிறியின் குழாய்க்குள்ளும் சிப்பி இருந்தால் எண்ணெய்ச் செலவு அவ்வளவாக ஏறாது. தண்ணீரை வடித்துவிட்டுப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் கப்பலைக் கட்டைகள் மேல் உட்கார வைப்பார்கள். கட்டை பட்ட இடத்தில் பெயின்ட் பிரஷ் போகாது. அடுத்த டாக்கிங் வரை சில வருஷம் அந்தப் பட்டைகள் பழைய பெயின்ட்டோடேயே கடலில் ஓடும். காசு மிச்சமாகிற இடம் வரைதான் சுத்தம். மிச்ச இடத்தில் பயணிகள் உட்கார்ந்து வருகிறார்கள்.

இப்படிப் போய் இறங்குகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை செத்துவிடும். தண்ணீரின் உப்பு ஒத்துக்கொள்ளாது, சூடு ஒத்துக்கொள்ளாது, துணை கிடைக்காது. பிழைக்கிறது கொஞ்சம், பிழைத்துத் தலையெடுக்கிறது அதிலும் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் என்ன செய்யும் என்பதற்குக் கருங்கடலின் கதை ஒன்றே போதும்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நெமியாப்சிஸ் என்றொரு உயிரி உண்டு. கண்ணாடி போல உள்ளே தெரியும், விரல் நீளம், ஜெல்லி உடம்பு. கொட்டாது, கடிக்காது. ஊரில் அது பாட்டுக்கு இருந்தது. தின்ன ஆளும் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் பேலஸ்ட் நீரில் கருங்கடலுக்கு வந்து சேர்ந்தது. ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் உண்டு என்பதால் துணை தேட வேண்டியதில்லை. தனியாக ஒன்று வந்தாலே குடும்பம் பெருகிவிடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை. தின்பது மீன் முட்டை, மீன் குஞ்சு, மீன் குஞ்சு தின்கிற மிதவை உயிரிகள். சில வருஷத்தில் கடலில் அது இல்லாத இடமே இல்லை என்றானது. கருங்கடலின் உயிர்நாடியே நெத்திலிதான். துருக்கி முதல் அன்றைய சோவியத் கரை வரை அதை நம்பிப் படகுகள். 1980-களின் கடைசியில் நெத்திலிப் பிடிப்பு சரிந்து விழுந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஒரு காரணம்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஏற்கெனவே மெலிந்து கிடந்த மீனின் முட்டையையும் குஞ்சையும் வாயில் போட்டுக்கொண்டது இந்த விருந்தாளி. 1999 வாக்கில் வோல்கா–டான் கால்வாய் வழியாகக் கப்பல்களோடு காஸ்பியன் கடலுக்கும் போய்விட்டது.

1997-இல் பெரோயே என்ற இன்னொரு ஜெல்லி கருங்கடலில் தென்பட்டது. அதுவும் வெளியூர் ஆள்தான். அதன் சாப்பாடே நெமியாப்சிஸ். யாரும் திட்டம் போட்டு விடவில்லை, தானாக வந்தது. அது பெருகப் பெருக முதலில் வந்தது அடங்கியது, நெத்திலியும் ஓரளவு மீண்டது. இதைக் கடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பதற்குச் சான்றாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடந்தது அதிர்ஷ்டம், அதற்குள் ஒரு தலைமுறைப் படகுக்காரர்கள் கடனில் மூழ்கிவிட்டார்கள்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் 1988-இல் கண்ட வரிச்சிப்பியின் கதையும் இதே வகைதான். கருங்கடல், காஸ்பியன் பக்கத்துச் சிப்பி. பேலஸ்ட் நீரில் வந்து, ஊர்களுக்குக் குடிநீர் இழுக்கும் குழாய்களையே அடைத்தது. அதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது டார்வின் நகரத்துக் கதை, ஏனென்றால் அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் டார்வின் நகரம். 1999 மார்ச்சில் அங்கே ஒரு படகுத்துறையில் முங்கிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, ஆறு மாதம் முன்பு இல்லாத ஒரு சிப்பி, தூண்களையும் படகுகளையும் மூடிக் கிடப்பது தெரிந்தது. கரீபியன் பக்கத்துக் கருவரிச் சிப்பி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று இழுக்காமல் சில நாட்களிலேயே முடிவெடுத்தார்கள். அந்தப் படகுத்துறைகளுக்கு மதகு உண்டு, மதகை மூடினார்கள். உள்ளே குளோரினையும் தாமிர சல்பேட்டையும் கொட்டினார்கள். சிப்பியோடு சேர்ந்து உள்ளே இருந்த மீன், நண்டு எல்லாமும் செத்தன. வெளியே போயிருந்த படகுகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்தச் சிப்பி டார்வினில் இல்லை. கடலில் காலூன்றிய ஒரு வெளிச் சிப்பியை அடியோடு ஒழித்த சம்பவங்கள் உலகத்திலேயே அரிது. இதே சிப்பி 1967-இலேயே நம் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் பதிவாகியிருக்கிறது. பிறகு மும்பையிலும். நாம் அதோடு வாழப் பழகிவிட்டோம்.

இப்போது நம் கரைக்கு வந்திருப்பது வேறொன்று. தென் அமெரிக்காவின் மைடெல்லா சிப்பி. ஆசியாவில் முதலில் பிலிப்பைன்ஸ், அப்புறம் சிங்கப்பூர், பிறகு கேரளத்தின் அஷ்டமுடி, வேம்பநாடு. கேரளப் பதிவுகள் 2019-இல் ஆய்விதழ்களில் வந்தன. அஷ்டமுடியின் மட்டிப் பிடிப்பு சாதாரணமானதல்ல. ஒழுங்காக, வளம் குன்றாமல் பிடிக்கிறார்கள் என்பதற்காக 2014-இல் எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்ற சர்வதேச அமைப்பின் சான்று வாங்கியது, இந்தியாவில் அதுவே முதல். அப்படி விதிமுறை போட்டுக் காப்பாற்றி வைத்த மட்டிப் படுகையின் மேல்தான் இது வந்து படர்ந்தது. தமிழ்நாட்டில் எண்ணூர்க் கொசஸ்தலை ஆற்றிலும் பழவேற்காட்டிலும் பரவியிருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் வைத்திருக்கும் பெயர் காக்கா ஆழி.

என்னோடு கப்பலில் இருந்த நண்பர் ஒருவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. அவரோடு ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் இறங்கியிருந்த நேரம். இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடியைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறிக் கூடைக்குள் போடுகிறவர்கள் அங்கே உண்டு. வலை கிடையாது, படகு கிடையாது, கைதான் கருவி. ஒரு அம்மா கரையேறி வந்து ஒரு கொத்தைக் கையில் கொடுத்தார். கருப்பும் பழுப்பும் கலந்த ஓடுகள், ஒவ்வொன்றும் என் சுண்டு விரலில் பாதி. பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை. ஒவ்வொரு சிப்பியிலிருந்தும் முடி போன்ற இழைகள் கிளம்பி, அடுத்ததன் ஓட்டைப் பிடித்திருந்தன. நடுவில் கருஞ்சேறு, அதில் செத்த மட்டியின் வெள்ளை ஓடு ஒன்று வாய் பிளந்து மாட்டியிருந்தது. இழுத்துப் பிய்த்ததும் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. விரல் நுனியில் ரத்தம்.

"இது வந்ததுலேர்ந்து இறால் இல்லண்ணா" என்றார் அந்த அம்மா. "மண்ணு இருந்தாத்தானே இறால் பொதைஞ்சு கெடக்கும்? அடி முழுக்க இதான். கை வெச்சா ஓடு கிழிக்குது. மஞ்ச மட்டி, பச்ச ஆழி, எதுவும் இல்ல."

அவர் சொன்ன சில வாக்கியங்களில் ஓர் ஆய்வறிக்கையே இருக்கிறது. இறால் மணலில் புதைந்து வாழ்வது. சிப்பி அந்த மணலைக் கம்பளமாக மூடிவிட்டது. மட்டி நீரை வடிகட்டித் தின்கிறது. அதே சாப்பாட்டைச் சிப்பி முந்திக்கொள்கிறது. அந்தச் சிப்பிக்கு உப்பு குறைந்த நீரும் சரி, முழுக் கடல் நீரும் சரி. முகத்துவாரம் என்ற இடத்துக்கே செய்தது போன்ற உடம்பு. அந்த ஆறு ஏற்கெனவே அனல் மின் நிலையங்களின் சாம்பலையும் சுடுநீரையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து படிந்தது. மெலிந்த உடம்பில் நோய் சீக்கிரம் ஏறும். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆய்வாளர்கள் கை காட்டுவது கப்பல்களைத்தான்: பேலஸ்ட் நீர், அல்லது கப்பல் உடம்பு. முதலில் கண்டு சொன்னவர்கள், அந்த மண்ணைத் தினமும் கையால் தடவுகிறவர்கள். அதிகாரிகள் காதில் அது ஏறுவதற்குள் ஆற்றின் அடி மூடிவிட்டது.

டார்வினில் மதகு இருந்தது, கொசஸ்தலைக்கு மதகு இல்லை. மருந்து ஊற்ற முடியாது. அள்ளி எடுக்கலாம், ஆனால் மண்ணோடு அள்ளினால் இறால் வாழும் மண்ணும் போகும், அரைகுறையாக அள்ளினால் மிஞ்சியது முட்டையிடும்.

ஊருக்குத் திரும்பியதும் ஏத்தாப்பூர்ப் பக்கம் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவருக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெள்ளாமை. எண்ணூரில் பார்த்ததைச் சொன்னபோது அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மாவுப்பூச்சியை அனுபவித்தவர் அவர். மரவள்ளியின் நுனியைச் சுருட்டி, செடியைக் குட்டையாக்கி, கிழங்கை இல்லாமல் பண்ணும் அந்தப் பூச்சியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 2020-இல் கேரளத்தில் கண்டார்கள். பிறகு சேலம், நாமக்கல், தர்மபுரி என்று சேகோ மில்லுக்குக் கிழங்கு போகிற தோட்டமெல்லாம் ஏறியது. எந்த மருந்து அடித்தும் கேட்கவில்லை. கடைசியில் 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குட்டிக் குளவியை விட்டார்கள். அனாகிரஸ் லோபெசி என்று பெயர். 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை இதே பூச்சியிடமிருந்து காப்பாற்றிய குளவி அது. இங்கே பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும்; குளவிக் குஞ்சு உள்ளேயிருந்து தின்று வெளியே வரும்.

"அப்போ கடலுக்கும் ஒரு குளவி வுடலாமே கண்ணு?" என்றார் சித்தப்பா.

நல்ல கேள்வி. அந்தக் குளவியை விடுவதற்கு முன் அது வேறெதையும் தொடாது என்று பூட்டிய அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள். வயல் வயலாக விட முடிந்தது, எங்கே எவ்வளவு பிடித்தது என்று போய்ப் பார்க்க முடிந்தது. சிப்பிக்கு அப்படி ஒரே சிப்பியை மட்டும் தின்கிற எதிரி கிடைப்பது கஷ்டம். சிப்பி தின்கிற நண்டு எல்லாச் சிப்பியையும் தின்னும். விட்ட பிறகு அலை அதை எங்கே கொண்டுபோகும் என்று யாராலும் வேலி போட முடியாது. நிலத்தில் தப்பு நடந்தால் எல்லைக்கல் தெரியும். கடலில் வராமல் தடுப்பதைத் தவிர உருப்படியான வழி இல்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஏத்துற எடத்துலயே வடிகட்டோணும்" என்றார். லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு பல வருஷம் பேசி வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

இங்கே ஒரு விஷயம். வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஏற்காட்டில் நிற்க இடம் இருக்காது. சேர்வராயன் மலையின் காப்பி, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்தது. காப்பிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். குச்சிக்கிழங்கே பிரேசில் பக்கத்துப் பயிர். இவையெல்லாம் ஒருவர் கையில் எடுத்து, நட்டு, பார்த்துக்கொண்டவை. பார்த்துக்கொண்டும் தப்பியது உண்டு: அழகுக்கு என்று கொண்டுவந்த உண்ணிச்செடி இன்றைக்கு மலைச்சரிவெல்லாம் புதராக நிற்கிறது. மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் ஏறியதை 2008-இல் எழுதினார்கள். கண் முன்னால் கொண்டுவந்ததே இப்படித் தப்பும் என்றால், யார் கண்ணும் படாமல் சேற்றோடு வருகிறவற்றை என்ன சொல்ல?

சட்டம் வந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பேலஸ்ட் நீர் உடன்படிக்கை 2004 பிப்ரவரியில் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் ஆனது. பதின்மூன்று வருஷம். அந்த இடைவெளியில் எத்தனை தொட்டி நிரம்பிக் காலியானது என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். முதல் கட்டமாக, கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, ஆழ்கடலில் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். கரையோர உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர் கரையில் பிழைக்காது என்ற கணக்கு. அடியில் இருக்கும் சேறு அதில் வெளியே போகாது. புயலில் தண்ணீர் மாற்றினால் கப்பலுக்கே ஆபத்து. ஆகவே இரண்டாம் கட்டம்: கப்பலிலேயே சுத்திகரிப்பு. 2024 செப்டம்பரிலிருந்து, உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் வெளியே விடும் தண்ணீரில், 50 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட உயிருள்ளவை ஒரு கன மீட்டருக்கு 10-க்குக் குறைவாக இருக்க வேண்டும். காலராக் கிருமிக்கும் ஈ. கோலைக்கும் தனி வரம்பு உண்டு.

கருவி எப்படி வேலை செய்யும் என்றால், முதலில் ஒரு ஃபில்டர், அப்புறம் புற ஊதா விளக்கு அல்லது கடல் உப்பிலிருந்தே மின்சாரத்தால் குளோரின் உண்டாக்குவது. தெளிந்த துறைமுகத்தில் ஒழுங்காக ஓடும். ஆற்று வாய்த் துறைமுகத்துக்குப் போனால் தெரியும் சங்கதி. சேற்று நீரில் ஃபில்டர் நிமிஷத்துக்கு நிமிஷம் தன்னைத் தானே கழுவிக்கொண்டு நிற்கும், உள்ளே தண்ணீர் போகாது. கலங்கிய நீரில் புற ஊதா ஒளி ஊடுருவாது. நன்னீரில் உப்பில்லை, குளோரின் உண்டாகாது. மேலே சரக்கு இறக்கும் கிரேன் யாருக்காகவும் காத்திருக்காது. ஃபோனில் "பேலஸ்ட் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில், கருவியைத் தாண்டித் தண்ணீரை நேரே விடும் பைபாஸ் வால்வின் பக்கம் கை போகிற ஒரு இளம் இஞ்சினியரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அவன் மேல் அந்த அவசரத்தைச் சுமத்துகிறவர்கள் கரையில் ஏசி அறையில் இருக்கிறார்கள். துறைமுகத்தில் கப்பல் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. கொசஸ்தலையில் பறி காலியாக வரும் நாளுக்குக் கணக்கு எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இல்லை.

கப்பல் உடம்பில் ஒட்டி வருகிறவற்றுக்கு இந்த அளவு சட்டமும் இல்லை. 2011-இல் வழிகாட்டுதல் வந்தது, 2023-இல் திருத்தினார்கள். வழிகாட்டுதல் என்றால் செய்தால் நல்லது என்று பொருள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் கரைக்குத் தாங்களே விதி போட்டு, அழுக்கு உடம்போடு வரும் கப்பலைத் திருப்பி அனுப்புகின்றன. நம் துறைமுகங்களும் அப்படிச் செய்யத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சரக்கு வேறு துறைமுகத்துக்குப் போய்விடும் என்பார்கள். ஆறு போனால் வேறு ஆறு கிடையாது.

அதற்கும் முன்னால், நம் துறைமுகத்தில் இன்றைக்கு என்னென்ன வாழ்கிறது என்ற கணக்கு வேண்டும். டார்வினில் அவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடிந்ததே, ஆறு மாதம் முன்பு அங்கே என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்ததால்தான். இங்கேயும் உலகளாவிய பேலஸ்ட் திட்டம் 2000-இல் தொடங்கியபோது, அதன் ஆறு முன்னோடித் துறைமுகங்களில் மும்பையும் ஒன்று. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் அங்கே அந்தக் கணக்கை எடுத்தது. ஒரு தடவை எடுத்தால் போதாது. வருஷா வருஷம் எடுக்க வேண்டும், ஆற்றில் கை வைக்கிறவர்களையும் கூட்டிவைத்து எடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது எந்தக் கருவிக்கும் முன்னால் தெரிந்தது.

கப்பலேறத் தயாராகும் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் விடுமுறையில் வீட்டுக்கு வருவார்கள். இஞ்சின் பற்றிய சந்தேகங்களோடு இதையும் சொல்லுவேன். ஸ்ட்ரெய்னர் திறந்தால், கவிழ்த்துக் கடலில் கொட்டிவிடாதே. பையில் போட்டுக் குப்பைக் கணக்கில் சேர். பழக்கமில்லாத சிப்பியோ நண்டோ இருந்தால், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடு. கடைசியாக டிரை டாக் போன தேதி, நின்ற துறைமுகங்கள் எழுதி வை. ஃபில்டரை பைபாஸ் செய்ய வேண்டிவந்தால் பேலஸ்ட் பதிவேட்டில் நேரத்தோடு எழுது, எழுதாமல் விடாதே. எழுதினால்தான் அடுத்த துறைமுகத்துக்குத் தெரியும், அந்தத் தண்ணீரை நடுக்கடலில் மாற்றிவிட்டு உள்ளே வரச் சொல்ல முடியும்.

போன தடவை வந்த ஒரு பையன், "சரிங்கண்ணா, எழுதி வெச்சுட்டு, போட்டோ எடுத்து யாருக்கு அனுப்பறது?" என்று கேட்டான். முதலில் உன் சீஃப் இஞ்சினியருக்கு, அவர் வழியாகக் கம்பெனிக்கு என்றேன். நம் கரையில் பார்த்ததாக இருந்தால் கொச்சியின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, அதன் மண்டபம், சென்னை மையங்களுக்கோ அனுப்பலாம். அவன் அந்தப் பெயர்களை ஃபோனில் குறித்துக்கொண்டு, நெமியாப்சிஸுக்கு எழுத்துக்கூட்டிக் கேட்டான்.